அண்ணி ஆடியதைப் பார்த்தவர்கள்

பாலக்காட்டை ஒட்டி, கஞ்சிக்கோட்டில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வீட்டுத் தரையைப் பெருக்கித் துடைக்கிற ரோபோ செய்யும் கம்பெனி. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "தானா ஓடற வெளக்கமாறு செய்யறோமுங்க" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். இயந்திரத்தை நிஜமான வீடுகளில் ஓடவிட்டு, எங்கே மாட்டுகிறது, எதை இடிக்கிறது, எதைத் தின்றுவிட்டு முழிக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் செய்த ரோபோக்கள் நம் வீடுகளுக்குள் வந்தால் திணறிப்போகும். அறைக்கு அறை நிலைப்படி, தேங்காய்நார்க் கால்மிதி, வாசலில் கோலப்பொடி, குளியலறையிலிருந்து சொட்டச் சொட்ட வரும் கால்கள், தரையில் சப்பணமிட்டு வெங்காயம் உரிக்கும் மனிதர்கள். இதையெல்லாம் சமாளிக்கிற ஒன்றைச் செய்கிறோம் என்பதில் எனக்கு நிஜமான பெருமை இருந்தது.

சோதனைக்கு வீடுகள் வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் யார் தன் வீட்டுக்குள் ஒரு இயந்திரத்தை மாதக்கணக்கில் சுற்றவிடுவார்கள்? தெரிந்தவர்களிடம்தான் கேட்க முடியும். கொல்லங்கோட்டில் என் அண்ணன் வீட்டில் ஒன்றை வைத்தேன். அண்ணன் நெல்லும் தென்னையும் பார்த்துக்கொள்கிறவர், பகலெல்லாம் வயலில் இருப்பார். வீட்டில் அண்ணி மட்டும். இன்னொன்றை ஏலப்பாறையில் வைத்தேன். கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த தோழியின் அம்மா அங்கே எஸ்டேட் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். தோழி வெளிநாட்டில் நர்ஸ். மலைமேல் எப்போதும் ஈரமாகவே இருக்கும் தரையில் ஓட்டிப் பார்க்க எங்களுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. அம்மாவுக்குக் கொஞ்சம் உதவியாக இருக்கும் என்று தோழியும் சம்மதித்தாள்.

இயந்திரத்தின் முன்பக்கம் ஒரு சின்ன கேமரா உண்டு. செருப்பு, வயர், துணி என்று எதிரே கிடப்பதை அடையாளம் காண. நாம் சொல்வதைக் கேட்டு நடக்க மைக்கும் உண்டு. அண்ணி பெட்டியைப் பிரித்த உடனேயே அந்தக் கண்ணாடிப் புள்ளியைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன அம்மிணி, கண்ணா?"

"ஆமாங்க அண்ணி. வழி பாக்கறதுக்கு. படம் உள்ளயே பாத்துட்டு உள்ளயே மறந்துரும். வெளிய எங்கயும் போவாது."

எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். சாஃப்ட்வேர் பிரிவில் கேட்டேன், முதலாளியிடமும் கேட்டேன். இரண்டு இடத்திலும் அதே பதில். அதை நம்பி ஏலப்பாறையிலும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். டீச்சர் தலையாட்டிக்கொண்டு, "நீ சொன்னாச் சரிதாம்மா" என்றார்.

விற்பனைக்கு வரும் சமயத்தில் பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில் டீலர்கள் கூட்டம் வைத்தார்கள். வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்கள் நாற்காலிகளில் நிறைந்திருந்தார்கள். மார்க்கெட்டிங் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், நன்றாகப் பேசுவார். பேச்சின் நடுவில், "இப்ப கொஞ்சம் ஜாலியா ஒண்ணு பாக்கலாம். நம்ம ரோபோ கண்ட வீடுகள்!" என்றார். விளக்குகளை அணைத்தார்கள். திரையில் படம் ஓடியது.

தரைமட்டத்திலிருந்து எடுத்த படங்கள். ஒரு பூனை இயந்திரத்தை அறைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு குழந்தை அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. சிரித்தார்கள். அடுத்து ஒரு சமையலறை. அலமாரிக்கு அடித்திருந்த நீலப் பெயிண்டை எனக்குத் தெரியும். பின்னால் ரேடியோவில் பாட்டு. நைட்டி போட்ட ஒரு பெண், தோளில் துண்டோடு ஆடிக்கொண்டிருந்தார். கழுத்துவரைதான் தெரிந்தது. இடுப்பை ஒடித்து, கையை விரித்து, இயந்திரம் கிட்டே வரும்போது ஒரு காலைத் தூக்கி அதற்கு வழி விட்டு, மறுபடி தாளம் தப்பாமல் காலை வைத்து. "போடா போடா, தள்ளிப் போடா" என்று அதட்டுகிற குரல் என் அண்ணியுடையது.

ஹாலே அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "இந்த வயசுல ஆட்டத்தப் பாரு" என்றார். இரண்டு மூன்று பேர் கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துத் திரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்திருப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. "இது கொஞ்சம் எமோஷனல்" என்றார் தலைவர். ஒரு கட்டில். அதிலிருந்து ஒரு ஆணின் கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குனிந்து, ஈரத்துணியால் அவர் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். போர்வை விலகியிருந்தது. "ஏட்டி... போதும்... உக்காரு" என்று குழறலாக ஒரு குரல். ஹால் அமைதியானது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். பிறகு கைதட்டினார்கள்.

கைதட்டினார்கள்! ஒரு மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தன் கணவரைத் துடைத்துவிடுவதற்குக் கைதட்டல்.

இடைவேளையில் மார்க்கெட்டிங் தலைவரைப் பிடித்தேன். காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

"அது எங்க அண்ணி. அந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?"

"அட, உங்க ரிலேட்டிவா? சூப்பரா ஆடறாங்க. முகம் தெரியலையேம்மா, அப்புறம் என்ன?"

சாஃப்ட்வேர் பையன்களை உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. இயந்திரத்துக்குப் புரியாத எதையாவது பார்த்தால், அந்தப் படத்தையும் சத்தத்தையும் ஆபீசுக்கு அனுப்பும்படி செய்திருந்தார்கள். தூக்கித் தூக்கி வைக்கும் கால் அதற்குப் புரியவில்லை. கட்டிலிலிருந்து தொங்கும் கை புரியவில்லை. அதனால் அனுப்பியது. அதைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நல்லதாகப் பொறுக்கி மார்க்கெட்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். சோதனைப் பிரிவில் எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வீடு பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்று தெரியும்.

முதலாளி பாலக்காட்டுக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். "நீ இதை இத்தனை சீரியஸா எடுக்கண்டா. ஆப் திறக்கும்போ 'சம்மதம்'னு ஒரு பட்டன் உண்டல்லோ? அவங்க அமுக்கியிருக்காங்க" என்றார்.

அந்தப் பட்டனுக்கு மேலே பக்கம் பக்கமாக இங்கிலீஷ். அதை அமுக்கச் சொன்னதும் நான்தான். என் வாயை வாடகைக்கு எடுத்து என் வீட்டாரிடமே பொய் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று கொல்லங்கோட்டுக்குப் போனேன். சேதி எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. வேலந்தாவளத்தில் மிக்ஸி ரிப்பேருக்குக் கடைக்குப் போன அண்ணனிடம், கூட்டத்துக்கு வந்திருந்த அந்தக் கடைக்காரர் செல்போனை நீட்டிக் காட்டியிருக்கிறார். அந்த இயந்திரம் எங்கள் வீட்டில் ஓடுகிறது என்பது அவருக்கு முன்பே தெரியும்.

அண்ணன் கூடத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "ஊர்ல தலைகாட்ட முடியல. இவளுக்கு எதுக்கு இந்த வயசுல ஆட்டம்?"

"ஏனுங்கண்ணா, படம் எடுத்தவன் யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"இவ ஆடலீன்னா அவன் எப்படி எடுப்பான்?"

இதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. ஹோட்டலில் விசிலடித்தவர்களைக்கூட ஒரு கணக்கில் விட்டுவிடலாம், அவர்களுக்கு அண்ணியைத் தெரியாது. கடைக்காரர், அண்ணன், பக்கத்து வீடு எல்லோரும் அதே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். ஏன் ஆடினாள்? தன் வீட்டில், தன் சமையலறையில், யாரும் இல்லாத மத்தியானத்தில் ஒரு பெண் ஆடியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியாமல் அதை எடுத்து ஊருக்குக் காட்டியவன் ஒரு காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். எனக்கும் பொய்தான் சொன்னார்கள் என்றேன்.

"செரி. உன்னையும் ஏமாத்திப்போட்டாங்க" என்றார். பிறகு, "படத்தப் போட்டுக் காட்டுன அந்தத் தம்பி எங்க இருப்பாரு?" என்றார்.

வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை கூடும் நாளில், அதே கடையின் முன்னால் பந்தல் போட்டு ரோபோவை ஓட்டிக்காட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். முதலாளியும் வருவதாக இருந்தது. சொன்னேன்.

சந்தையன்று அண்ணி இயந்திரத்தை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நல்ல சேலை, தலையில் பூ. அண்ணன் வரவில்லை. பந்தலில் டைல்ஸ் ஒட்டிய மேடை, பெரிய டிவி, மைக்கோடு மார்க்கெட்டிங் தலைவர். மாடு விற்றுவிட்டு நிற்பவர்களும், மாட்டைக் கையில் பிடித்தபடியே நிற்பவர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி நேராகப் போய்ச் சாக்கை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, உங்க ஊடு எங்கீங்க?"

மார்க்கெட்டிங் தலைவருக்கு இவர் யாரென்று தெரியவில்லை. மைக்கிலேயே பதில் சொன்னார். "கோயம்புத்தூருங்கக்கா. எதுக்குங்க கேக்கறீங்க?"

"ஊட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"அம்மா, சம்சாரம், ஒரு பாப்பா."

"அப்பச் செரி. இதைக் கொண்டுபோயி உங்க ஊட்டுல ஓட்டுங்க. அது புடிக்கற படத்தையெல்லாம் இங்க இந்த டிவியில போடுங்க. நாங்க உக்காந்து பாக்கறோம். சிரிப்பு வந்தாச் சிரிக்கறோம், விசிலு வந்தா அடிக்கறோம்."

அவர் மைக்கை இறக்கினார். என்னை அப்போதுதான் பார்த்தார். "அக்கா, அதுல உங்க முகமே இல்லைங்க."

"மொகந் தெரியாமயா இந்தக் கடைக்காரரு எங்கூட்டுக்காரர்கிட்டக் காட்டுனாரு?"

கடைக்காரர் கல்லாவைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஏனுங்க, இது படமெல்லாம் புடிக்குதுங்களா?" என்றார். இன்னொருவர் தன் மனைவியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முதலாளி ஓடிவந்தார். தவறு நடந்துவிட்டது, நாளைக்கே அழித்துவிடச் சொல்கிறேன் என்றார்.

"நாளைக்கு வேண்டாமுங்க. இப்ப."

அவர் செல்போனை எடுத்து ஆபீசில் யாரிடமோ மலையாளத்தில் பேசினார். முடிந்தது, ஒன்றுகூட மிச்சமில்லை என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? அது அழிந்ததா இல்லையா என்று அந்தப் பந்தலில் நின்ற யாருக்கும் தெரிய வழியில்லை.

ஏலப்பாறைக்கும் போனேன். டீச்சர் முழுதும் கேட்டார். கட்டிலில் அவர் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இஸ்திரி போடாத சட்டையோட அவுக வாசல் தாண்டுனதில்லம்மா," என்றார் கடைசியில். "அவுகளப் போயி போர்வையில்லாம நாலு பேரு பாத்திருக்காக."

என்னைத் திட்டவில்லை. இயந்திரத்தைத் துடைத்து, வயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

கம்பெனி இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வேன். கேமராவுக்கு மேல் தள்ளி மூடுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி செய்தார்கள். அது சாதாரண மாடலில் கிடையாது, உயர்ந்த மாடலில் மட்டும். விளம்பரத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நடிகை தன் வீட்டில் சந்தோஷமாக ஆடுகிறார், ரோபோ கண்ணை மூடிக்கொள்கிறது. 'உங்கள் வீடு, உங்கள் ரகசியம்.' என் அண்ணியைச் சந்தி சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பையே விற்பனைச் சரக்காக்கியிருந்தார்கள். யோசனை எப்படி என்று மார்க்கெட்டிங் தலைவர் என்னையே கேட்டார். நான் அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் டீச்சரின் கணவர் இறந்துபோனார். துக்கம் கேட்டுப் போய்வந்தேன். சில வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அந்தப் படம் எங்கயாச்சும் இருக்குமாம்மா? அவுக பேசுனது எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. நோவு வந்த பொறவு அவுகளுக்கு வந்ததே நாலஞ்சு வார்த்தைதான். அதுல என்னய உக்காரச் சொன்னாகளாமே? நீதான சொன்ன."

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மரியாதையாகப் பதில் சொன்னாள். அந்தப் படங்கள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டன, தவிர தனியுரிமைக் கொள்கைப்படி அவற்றை வெளியாருக்குத் தர இயலாது. டீலர்களுக்குத் திரைபோட்டுக் காட்டியபோது எங்கே போயிருந்தது இந்தக் கொள்கை? சம்பந்தப்பட்டவரின் மனைவி வெளியாள், விசிலடித்தவர்கள் உள்ளாட்களா? கத்திவிட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. அழித்த ஒன்றை ஏன் தர இயலாது என்று சொல்கிறாள்?

டீச்சரிடம் சொன்னேன். "நேர்ல போவோம்மா" என்றார். அண்ணியிடமும் சொன்னேன். "நானும் வாரேன்" என்றார். அந்த இரண்டு பேரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வாசலில் வெள்ளைப் புடவையில் டீச்சரும், பக்கத்தில் அண்ணியும் நின்றதைப் பார்த்து செக்யூரிட்டிக்காரர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

முதலாளி முதலில் அதே பாட்டைத்தான் பாடினார். அழித்தாயிற்று என்றார். டீச்சர் வகுப்பில் பேசுகிற குரலில், "தம்பி, நான் சண்டைக்கு வரல. எம் புருசன் குரல் வேணும். இருக்குன்னாத் தாங்க. இல்லன்னா என் மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்லுங்க" என்றார்.

அவரால் சொல்ல முடியவில்லை. சாஃப்ட்வேர் பையனைக் கூப்பிட்டார். எங்களுக்கு வைத்த டீ ஆறுவதற்குள் அவன் லேப்டாப்போடு வந்தான். இருந்தது. எல்லாமே இருந்தது. சந்தையில் அத்தனை பேர் முன்னால் போன் செய்து அழித்ததாகச் சொன்னது பச்சைப் பொய்.

அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்ப எம் படமும் இருக்குமுங்களே?"

பையன் தலையாட்டினான்.

டீச்சரின் படத்தை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒருமுறை கேட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் போனைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அங்கே இருப்பதை அழிக்கச் சொன்னார்.

அண்ணி தன்னுடையதை அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். ஊரே பார்த்த அதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் காட்டவில்லை, எனக்கும் அது கையில் இல்லை. பையன் லேப்டாப்பைத் திருப்பினான். ரேடியோ பாட்டும், "போடா, தள்ளிப் போடா"வும் அந்த அறையில் கேட்டன. முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி முகத்தில் அசைவே இல்லாமல் முழுதும் பார்த்தார்.

"நல்லாத்தானே ஆடறேன்," என்றார். "எந்தப் பொத்தான் தம்பி?"

அவரே அழுத்தினார். வேறெங்கும் இல்லை என்று முதலாளி சத்தியம் செய்தார். டீலர்களின் செல்போன்களில்? அது தன் கையில் இல்லை என்றார். போலீசில் புகார் கொடுப்போம் என்றேன். கொடுத்தோம். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் விடாமல் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ரோபோ நன்றாக விற்கிறது, மூடி வைத்ததும் வைக்காததும். பாலக்காடு போகும் வழியில் அந்த நடிகை பெரிய பலகையில் ஆடிக்கொண்டிருக்கிறார். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிறது.